ரோலை எந்தப் பக்கம் மாட்டுவது

பென்சிலை மேசையில் வைக்கும்போது அக்கா அதன் கூர்முனையைத் தன் பக்கம் திருப்பித்தான் வைப்பார். எதிர் நாற்காலி காலியாக இருந்தாலும் அப்படித்தான். பிறகு சுண்டுவிரலால் லேசாக ஒரு தள்ளு. பென்சில் மேசை விளிம்புக்கு நேராக நிற்கும். வலது தோளில் அறுவை சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பியவர், இதையும் இடது கையால் செய்யப் பழகிக்கொண்டிருந்தார்.

எங்களுடையது வீட்டு பிளான் வரைந்து தரும் சின்ன அலுவலகம். முதலாளி அக்காவின் சொந்தத் தம்பி. நான் கம்ப்யூட்டரில் வரைவேன். பெரிய தாளில் அச்சடிப்பதும் பழைய பிளான்களை ஸ்கேன் செய்வதும் அக்காவின் ராஜ்ஜியம்.

அந்த நேரம் பார்த்து, பெரிய தாளில் அச்சடிக்கும் பழைய பிளாட்டர் மெஷின் மண்டையைப் போட்டது. அதில் காகித ரோலைத் தூக்கிப் பின்பக்கம் மேலே மாட்ட வேண்டும். அக்காவின் வலது கை இனி மார்புக்கு மேல் எழும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். புது மெஷினும் அப்படியே அமைந்தால், அக்கா முன்னறையில் ஃபோன் எடுக்கப் போக வேண்டியதுதான். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. முன்னறைக்கு ஒரு மெத்தை நாற்காலி மட்டும் வந்து சேர்ந்திருந்தது.

மெஷின் பார்க்க மூவரும் கடைக்குப் போனோம். முதலாளி நேராக ஒரு கறுப்பு மெஷின் முன்னால் போய் நின்றார்.

"இது குதிரை சார்," என்றார் விற்பனையாளர். "ஸ்கேனரும் கூடவே இருக்கு. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஷீட் வந்துடும்."

"ரோல் எங்க மாட்டறது?" அக்கா கேட்டார்.

"பின்னாடி மேல, மேடம்."

"அதுக்கென்னக்கா, இவன் மாட்டுவான்," என்று முதலாளி என்னைக் காட்டினார்.

"இவனா? ஃபோன் அடிச்சாலே பாத்ரூமுக்குப் போறவன்!"

நான் மெஷினின் சக்கரங்களை ஆராய்ந்தேன்.

"அப்ப அந்த வெள்ளை மெஷின்?" என்றார் அக்கா.

"அதுலயும் ஸ்கேனர் இருக்கு மேடம். ரோல் மாட்ட, கீழ முன்பக்கம் டிராயர் மாதிரி திறக்கும். கொஞ்சம் நிதானம்."

"ஆமை," என்றார் முதலாளி. "நமக்கு வேண்டாம். நீ பேசாம ரெஸ்ட் எடுக்கா."

"ரெஸ்ட் வேணும்னா நீ எடுடா."

அக்கா ரோலை இடது கையால் இடுப்போடு அணைத்து, டிராயருக்குள் இறக்கினார். வலது கை கீழிருந்து தாங்கியது. தாளின் ஓரம் கோணலாகப் போக, மெஷின் கீச்சிட்டுத் துப்பியது. மறுபடியும் துப்பியது. விற்பனையாளர் உதவிக்குக் கை நீட்டினார்.

"விடுங்க, அக்காவே அலுத்துப்போய் வரட்டும்," என்றார் முதலாளி.

அக்கா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தே விட்டார். கழுத்தில் வியர்வை. இம்முறை இடது உள்ளங்கையைத் தாளின் நடுவில் பரப்பி, குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல மெல்லத் தள்ளினார். மெஷின் மூச்சை உள்ளிழுப்பதுபோல் தாளை இழுத்துக்கொண்டது.

பையிலிருந்து கசங்கிய பழைய பிளான் ஒன்றை எடுத்து ஸ்கேனரில் கொடுத்தார். கிழியாமல் வந்தது.

"இதுதான்," என்றார்.

"வேகம் பத்தாதேக்கா."

"கடைசி நிமிஷத்துல நீ பிளானை மாத்தாம இருந்தா இந்த வேகம் தாராளம்."

"பொறந்ததுலேர்ந்து இதே கதை. நான் கிழக்குன்னா இது மேற்குங்கும்!" முதலாளி அலுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மழைக்காலம் முடிந்தபோது அந்த விற்பனையாளர் மெஷினைப் பார்க்க வந்தார். அக்கா ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் பிளானை அச்சடித்துக்கொண்டிருந்தார். வெளியே வழியனுப்பப் போன என்னிடம் அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்: "சாருக்குக் கை சரியாயிடுச்சா?"

"எந்தக் கை?"

"நீங்க மூணு பேரும் வர்றதுக்கு முந்தின வாரம் தனியா வந்திருந்தாரே. வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு, இடது கையாலயே கடையில இருக்கற எல்லா மெஷின்லயும் ரோல் மாட்டிப் பாத்தாரு. இந்த வெள்ளைல மட்டும்தான் மாட்ட முடிஞ்சுது. அப்புறம் வந்து குதிரைதான் வேணும்னதும் எனக்கு ஒண்ணுமே புரியல."