பனிக்குள்ளே நின்றவளுக்கு அரைப் பேர்

பேசாத படத்துக்குப் பக்கத்தில் கம்போடு நின்று கதை சொல்வது என் தொழில். படம் பிடிக்காவிட்டால் ஜனங்கள் திட்டுவது படத்தை இல்லை, கம்பு வைத்திருக்கிறவனைத்தான். அடுத்தவன் சரக்குக்கு ஏச்சு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கொழும்பிலிருந்து வந்த பெட்டி

பதுளையில் கூடாரம் போட்டுப் படம் காட்டிய எங்கள் முதலாளியிடம் ஒரு சீமைக் காதல் படம் வந்து சேர்ந்தது. சண்டை இல்லை, குதிரை இல்லை. ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒருத்தி, அந்தக் கரையில் ஒருத்தன். பார்க்கிறார்கள், பார்க்கிறார்கள், பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நடுவில் ஓர் இலை மிதந்து போகிறது. மிச்சமெல்லாம் பனி.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்தது. முதலாளி போட்டுப் பார்த்துவிட்டு வெற்றிலையைத் துப்பினார். தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீட்டிலிருந்து தப்பித்து இந்த வேலைக்கு வந்தவன் நான் என்பது அவருக்குத் தெரியும். “ஆளுங்க பாதியில எந்திரிச்சுப் போனா, நீயும் அவங்களோடயே தோட்டத்துக்குப் போயிடு.”

பதுளைக் கடைக்காரர்

முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் கடைவீதி ஆட்கள். தாமரை, நிலா என்று என்னிடம் இருந்ததையெல்லாம் எடுத்து விட்டேன். பின்வரிசை மெல்ல மெல்லக் காலியானது. முன்னால் இருந்த ஜவுளிக்கடைக்காரர் மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ரசிகர் ஒருவராவது அகப்பட்டாரே என்று ஆசையாகக் குனிந்தேன். “இந்தப் பய காலையிலேருந்து ஆத்தங்கரையிலயே நிக்கிறானே, இவன் கடையை யாருப்பா பார்க்கிறது?”

பண்டாரவளைக் குளிர்

அங்கே நிஜப் பனியே கூடாரத்துக்குள் வந்துவிட்டது. திரையில் பனி, திரைக்கு முன்னாலும் பனி. எது சீமைப் பனி, எது நம்ம பனி என்று எனக்கே தெரியவில்லை. இதோ வருகிறாள், இதோ நிற்கிறாள் என்று குத்துமதிப்பாகக் கம்பை நீட்டிக்கொண்டிருந்தேன். கம்பளிக்குள்ளிருந்து ஒரு பெரியவர் சொன்னார்: “தம்பி, படம் கெடக்கட்டும், அந்த விளக்கை இப்படித் திருப்பு, குளிர் காயலாம்.”

லுணுகலைக் கங்காணி

இதுதான் உனக்குக் கடைசி என்று முதலாளி சொல்லிவிட்டார். வந்தவர்கள் எல்லாரும் தோட்டத்து ஆட்கள். பெண்கள் முன்னால் பாயில் உட்கார்ந்தார்கள், அவர்களை வேலை வாங்குகிற தோட்டத்துக் கங்காணி நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் விடியற்காலை, பனி, கையில் கூடையோடு அவள். பாயிலிருந்து ஒரு பெண், இந்த நேரத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகாமல் இவள் எங்கே போகிறாள் என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. தாமரையையும் நிலாவையும் தூக்கிப் போட்டேன். “பெரட்டுக்கு நேரமாச்சு. போனா பேரு விழும், அன்னைக்குச் சம்பளம் உண்டு. பாதி நாள்னா அரைப் பேரு, பாதிச் சம்பளம். போகாட்டி அவனைப் பார்க்கலாம். என்ன செய்வா?” என்றேன். அவ்வளவுதான். அதே பனியை அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

அப்போது பனிக்குள்ளிருந்து கோட்டும் கைத்தடியுமாக ஒரு கிழவர் வந்தார். படத்தில் அவர் அவளுடைய அப்பா. வாய் சும்மா இருக்குமா? கங்காணி வர்றார் என்று சொல்லிவிட்டேன். எல்லாத் தலையும் நாற்காலிப் பக்கம் திரும்பியது. நிஜக் கங்காணி எழுந்து நின்றார். அவர் வெளியே போனால் அவர் ஆட்கள் ஒருத்தர் மிஞ்ச மாட்டார்கள். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

நல்லவேளை, திரையில் கிழவர் இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் பனிக்குள்ளே திரும்பி நடந்தார். “கங்காணி ஐயா பார்த்தும் பார்க்காத மாதிரி போயிட்டாங்க” என்றேன். பெண்கள் நிஜக் கங்காணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார், மெதுவாக உட்கார்ந்தார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “அந்தப் புள்ளைக்கு அரைப் பேரு போட்டாச்சுன்னு சொல்லுப்பா, முழுப் பேரு குடுத்தா நாளைக்கு எல்லாவளும் பனிக்குள்ள போய் நிப்பாளுக.”

படம் எடுத்தவன் என்ன நினைத்து எடுத்தானோ, எங்கள் பக்கத்தில் அந்தக் காதலும் என் வேலையும் அரைப் பேரில் பிழைத்துக்கொண்டன.