சமஸ்தானத்துக்குப் போன டாக்டர்

எங்கள் குடும்பத்தில் முதல் டாக்டர் என் அண்ணன். பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் பாடம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஐரோப்பாவில் பெரிய சண்டை இன்னும் மூளவில்லை. மேற்கே ஒரு சமஸ்தானத்தில் தலைமைச் சுகாதார அதிகாரி பதவி காலியாயிற்று. அதுவரை வெள்ளைக்காரர்கள் மட்டுமே அமர்ந்த நாற்காலி. இந்த முறை நம்மவர் ஒருவரை வைக்க மகாராஜா விரும்புவதாகப் பேச்சு. அண்ணனும் விண்ணப்பித்தான். சீமையில் படித்தவர்களெல்லாம் போட்டியில் இருந்ததால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தில் வாந்திபேதி கண்டது. சர்க்கார் டாக்டரான அண்ணனை அங்கே போகச் சொல்லி உத்தரவு வந்தது.

"ஏட்டி, பொம்பளைக எங்கிட்ட வாயே தெறக்க மாட்டாவ. நீயும் வாரியா?" என்றான்.

பள்ளிக்கு விடுமுறை. மாட்டுவண்டியில் ஏறிவிட்டேன். அம்மா வாசலில் நின்று அழுதாள்.

ஊரில் முக்கால்வாசி வீடுகள் சாத்திக் கிடந்தன. குடிப்பதற்கு இருந்தது ஒரே கிணறு. அதில் கலக்க அண்ணன் ஊதா நிற மருந்து கொண்டுவந்திருந்தான். நாங்கள் போவதற்குள் செய்தி போய்விட்டது. பெரிய வீட்டு அம்மாள் ஒருத்தி கிணற்றை மறித்து நின்றாள். முந்தின வாரம்தான் மருமகளைப் பறிகொடுத்தவள்.

"வெசத்தக் கலக்க வந்தியளோ?"

அண்ணன் தள்ளியே நின்றான். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; அந்தக் கிணற்றைத் தொட உரிமையில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

"நான் கெணத்தத் தொடல அம்மா. மருந்து இந்தா இருக்கு. நீங்களே போடுங்க. நீங்க சம்மதிக்கிறவரைக்கும் இங்கனயே உக்காந்திருக்கேன்." சொன்னபடியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ தங்கச்சியா? இந்தத் தண்ணிய நீ குடிப்பியா?"

"குடிப்பேன். ஆனா இன்னைக்கு யாரும் குடிக்கக் கூடாது. விடியங்காட்டி நெறம் போயிரும். அப்பம் மொதல்ல நான் குடிக்கேன்."

பொட்டலத்தைத் தரையில் வைக்கச் சொன்னாள். பிறகு மருந்தை வாளியில் கரைத்து அவளே இறக்கினாள். தண்ணீர் நாவற்பழச் சாறுபோல ஆனதும் சுற்றி நின்ற பெண்கள் அலறினார்கள். அவள் அசையவில்லை.

காலையில் தண்ணீர் தெளிந்து கிடந்தது. அவள் ஊற்ற, கைகளை ஏந்திக் குடித்தேன். அடுத்து அண்ணன் குடித்தான், அவளும் குடித்தாள். அதன்பிறகு ஊரே குடித்தது. தினமும் சாயங்காலம் மருந்து போடுவது அவள் பொறுப்பாயிற்று. பையப் பைய நோய் அடங்கியது.

சில மாதங்கள் கழித்து, ஆழ்வார்திருநகரிக் கோயிலுக்கு வந்த பெரியவர் ஒருவர் அந்தக் கிராமத்திலும் இறங்கினார். அண்ணன் விண்ணப்பித்திருந்த சமஸ்தானத்துத் திவான் அவர். நேரே கிணற்றடிக்குப் போய், டாக்டர் என்ன செய்தார் என்று விசாரித்தாராம்.

"டாக்டரு என்ன செஞ்சாரு? மரத்தடியில இருந்தாரு. மருந்து போட்டதெல்லாம் நான்தான்" என்றாளாம் அந்த அம்மாள்.

திவான் சிரித்துவிட்டாராம். கூட வந்த தாசில்தார்தான் பிற்பாடு எங்களிடம் சொன்னார். "மருந்து போடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். ஊரையே போடவைக்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான்" என்றாராம் திவான்.

தந்தி வந்த அன்று அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தான். வாங்கிப் பிரித்தது அப்பா. உபாத்தியாயராக இருந்து ஓய்ந்தவர். பிள்ளைகளை முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை புகழ்ந்ததில்லை. இரண்டு முறை படித்தார். தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, செருப்பை மறந்து, தெருவில் இறங்கினார். எனக்குப் பயமாகிப் பின்னாலேயே ஓடினேன்.

எதிரே வந்த மளிகைக்கடை அண்ணாச்சியை அவர் நிறுத்திச் சொல்வது கேட்டது.

"என்ன வே, சேதி தெரியுமா? ஒரு ராச்சியத்துக்கே டாக்டராம், எம் மவன்!"

கடைத்தெரு முழுக்க அதையே சொல்லிக்கொண்டு போனார். நான் வெட்கப்படவில்லை. அவருக்குக் குரல் கம்மிய இடங்களில் மிச்சத்தை நான் சொன்னேன்.