நாற்பத்தாறு வீரம்மாக்கள்

ஈப்போவை அடுத்த செமோர் பக்கத்தில், தோட்டத்து ரப்பர் பால்மரங்களை வெட்டிச் சாய்த்த இடத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடம் எழும்பியது. ஐரோப்பாவிலிருந்து வந்த கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சி நிலையம். ‘வளரும் சந்தைகளுக்கான குரல் தொழில்நுட்பம்’ என்று வாசலில் எழுதியிருந்தார்கள். எந்தச் சந்தை, யார் வளருகிறார்கள் என்றெல்லாம் வீரம்மா கேட்கவில்லை. அவளுக்கு அங்கே தரை துடைக்கும் வேலை. தினமும் குனோங் ராபாட்டிலுள்ள வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போவாள். வயது ஐம்பத்தேழு. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இந்த வேலையும் போனால் இந்த வயதில் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? நிலையத்துக்குத் தலைவராக வந்த வெள்ளைக்காரரை அவள் ‘தொர’ என்றுதான் சொல்வாள். அவள் இதே தோட்டத்தில் பிறந்தபோதும் ஒரு தொர இருந்தார். இவருக்குத் தொப்பி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கட்டடத்துக்குச் சாவியே கிடையாது. கதவுதான் ஆராய்ச்சி. குரலைக் கேட்டு ஆளைக் கண்டுபிடிக்கும், சொன்ன சொல்லைக் குறித்துக்கொண்டு திறக்கும். மலாயில் ‘மாசோக்’ என்றால் உள்ளே வருகிறார், ‘கெலுவார்’ என்றால் வெளியே போகிறார். தமிழுக்கு, வந்தால் ‘வாரேன்’, கிளம்பினால் ‘போறேன்’. இந்த மேதாவித்தனத்தை எந்த ஊரில் உட்கார்ந்து எவன் செய்தானோ! வாசல்படி தாண்டும்போது எந்தத் தமிழச்சி ‘போறேன்’ என்று சொல்வாள்?

வீரம்மா காலையில் ‘வாரேன்’ என்றாள், கதவு திறந்தது. சாயங்காலம் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ‘வாரேன்’ என்றாள், அப்போதும் திறந்தது. அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். கதவோ இன்னொரு வீரம்மா உள்ளே வந்துவிட்டாள் என்று எழுதி வைத்துக்கொண்டது.

அவள் வேலைக்குச் சேர்ந்த இருபத்துமூன்றாம் நாள் தீப்பயிற்சி. மணி அடித்ததும் எல்லாரும் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினார்கள். வீரம்மாவும் ஓடினாள், ஓடுகிற ஓட்டத்திலும் கதவிடம் ‘வாரேன்’ என்று சொல்லிவிட்டு. பயிற்சி நடத்த வந்த பொம்பா, அதாவது தீயணைப்புப் படை அதிகாரியின் கையிலிருந்த பட்டியல் சொன்னது: உள்ளே சிக்கியிருப்பவர்கள் நாற்பத்தாறு பேர். வீரம்மா, வீரம்மா, வீரம்மா என்று பக்கம் பக்கமாக ஓடியது பட்டியல். தீயணைப்பு வீரர்கள் கோடரியைத் தூக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்து, கழிப்பறை கழிப்பறையாகத் தட்டி, “வீரம்மா! வீரம்மா!” என்று கூவினார்கள்.

“ஐயோ, நான் இங்கதான் லா நிக்கிறேன்!” என்று அவள் வெயிலில் நின்று கத்தினாள்.

அதிகாரி அவள் பெயரைக் கேட்டு ஒரு கோடு அடித்தார். இன்னும் நாற்பத்தைந்து பேர் என்று உள்ளே தகவல் அனுப்பினார்.

மறுநாள் அவளைக் கதவருகே பிடித்தான் தர்மா. ஈப்போக்காரன், அங்கே இன்ஜினியர்.

“வீரம்மாக்கா, கெளம்புறப்ப போறேன்னுதான் சொல்லணுமாம். வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லலன்னா வேற ஆளப் போடச் சொல்லிட்டாரு தொர.”

“அந்தப் பேச்சு பேசாத தம்பி! போயிட்டு வாரேன்னு சொல்லு!”

“ஒரு சொல்லுதானக்கா?”

“ஆமா, ஒரு சொல்லுதான். என் வீட்டுக்காரரு அதச் சொல்லிட்டுத்தான் போனாரு.”

எட்டு வருடத்துக்கு முந்திய கதை அது. ரசத்தில் உப்பு கூடிப்போன சண்டை. சன்னாசி செருப்பை மாட்டிக்கொண்டு ‘போறேன்’ என்றார். எப்போது அப்படிச் சொன்னாலும் வீரம்மா விடமாட்டாள், திருத்திச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள். அன்றைக்கு மட்டும் ஆத்திரத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு அடுப்பைப் பார்த்து நின்றாள். தாப்பா சாலையில் லாரி வந்தது. சன்னாசி திரும்பி வரவில்லை.

வேலை போகட்டும், அந்தச் சொல் தன் வாயில் வராது என்று முடிவு கட்டிவிட்டாள். அதோடு நின்றாளா? அந்த வாரம் முழுக்க வாசலில் எந்தப் பிள்ளை ‘போறேன்’ என்றாலும் துடைப்பத்தோடு பாய்ந்து வந்து, “அந்தப் பேச்சு பேசாத தம்பி! போயிட்டு வாரேன்னு சொல்லு!” என்று அதட்டினாள். பெரிய படிப்புப் படித்ததுகளெல்லாம் பயந்துபோய்த் திருத்திச் சொல்லிவிட்டு ஓடின. கதவும் கேட்டுக்கொண்டே இருந்தது. காதில் விழுவதையெல்லாம் தானாகக் கற்றுக்கொண்டு பதில் பேசும் கதவு என்றுதானே பீற்றிக்கொண்டிருந்தார்கள்!

வெள்ளிக்கிழமை விமானத்துக்குக் கிளம்பிய தொர, வீரம்மாவுக்குத் தானே செய்து காட்டுவதாக வாசலில் வந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “போறேன்” என்றார்.

கதவு திறக்கவில்லை. அதற்குள்ளிருந்து வீரம்மாவின் குரலே சீறியது: “அந்தப் பேச்சு பேசாத தம்பி! போயிட்டு வாரேன்னு சொல்லு!”

தொர உரக்கச் சொன்னார். மெதுவாகச் சொன்னார். கதவைக் கும்பிட்டும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். வாசலில் கார் ஹாரன் அடித்தது. கடைசியில் தர்மா காதோரம் சொல்லிக் கொடுக்க, “போயித்து வாரேன்” என்று திக்கித் திணறினார். கதவு படக்கென்று திறந்தது.

“அந்தம்மாவை அனுப்பிடாதே! கதவு அவங்க பேச்சைத்தான் கேட்குது! அவங்க இல்லாம இங்கிருந்து எவனும் வெளியே வரமுடியாது!” என்று தர்மாவிடம் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டே காரில் விழுந்தார்.

ஐந்து மணிக்கு எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். வீரம்மா வாளியைக் கவிழ்த்தாள். கதவின் முன்னால் வந்து நின்றாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, சன்னாசி சொன்ன அதே வெடுக்கோடு சொன்னாள்.

“போறேன்.”

“அந்தப் பேச்சு பேசாத தம்பி! போயிட்டு வாரேன்னு சொல்லு!” என்றது அவள் குரல்.

அடுப்படியில் அன்று சொல்லாமல் விட்டதை அவள் இப்போது வாசல் பக்கம் நின்று கேட்டாள். கண் நிறைந்து வழிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

“சரி சரி, கோவிச்சுக்காத. போயிட்டு வாரேன்” என்றாள். கதவு திறந்தது.