கருப்பு வேண்டாம் என்றார் முதலாளி

அடையாறில் நான் வேலை பார்ப்பது மழைத் தண்ணீரைக் கணக்குப் போடும் அலுவலகம். இவ்வளவு மழை பெய்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தேங்கும் என்று கணினி ராப்பகலாக முனகிவிட்டுச் சொல்லும். என்ன, எண்களாகத்தான் சொல்லும். அந்த எண்களை அச்சடித்து யாரிடமாவது நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டு வாசலைக் காட்டுவார்கள்.

மந்தைவெளியில் ஒரு தெருவின் குடியிருப்போர் சங்கம், தங்கள் தெருவுக்கு வெள்ளப் படம் கேட்டு எங்களிடம் வந்திருந்தது. செயலாளர், ஓய்வு பெற்ற ஒரு மாமா. தரைத்தளத்தில் மாமியோடு இருக்கிறார். மகன் வெளிநாடு போனதிலிருந்து மாடி காலி. மாமிக்கு முழங்கால் இரண்டும் தகராறு, தண்ணீர் வந்தபிறகு அவசரமாகப் படியேற முடியாது. மழைக்கு முன்பே மெதுவாக ஏறிப்போய் மாடியிலேயே இருந்துவிடலாம் என்பது மாமியின் கட்சி. பிறந்து வளர்ந்த தரைத்தளத்தை விட்டு மேலே வரமாட்டேன், படம் வரட்டும் பார்க்கலாம் என்பது மாமாவின் கட்சி. ஆக, மாமி மாடியேறுவது என் படத்தின் கையில் இருந்தது.

எண்களை வண்ணப் படமாக்கும் மென்பொருள் தேடி இறங்கினேன். முதலில் கிடைத்தது, என் கணினியைப் பார்த்து, உனக்கெல்லாம் நான் எதற்கு என்கிற தோரணையில் நின்றுபோனது. அடுத்தது இலவசம். நிறுவி முடித்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டியைக் காட்டியது. மந்தைவெளி எங்கே என்று கேட்டால் இன்னும் பெரிய பெட்டியைக் காட்டியது. அதற்கு விளக்கம் சொல்ல ஒரு புண்ணியவான் காணொளி போட்டிருந்தார். அதில் பாதி நேரம் அவருடைய மின்விசிறிதான் பேசியது.

கடைசியில் ஒன்று மசிந்தது. ஆழம் குறைந்த இடம் வெளிர்நீலம், கூடக்கூட அடர்நீலம், ஆள் இறங்கக்கூடாத இடம் கருப்பு. தெருத்தெருவாகத் திரையில் தண்ணீர் ஏறியபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. மாமாவின் வீடு சுத்தக் கருப்பு.

முதலாளி வந்து பார்த்தார். தி.நகரில் பட்டுப்புடவைக் கடை வைத்திருக்கும் குடும்பம் அவருடையது.

"கருப்பை எடுங்க தம்பி. முகூர்த்தப் பட்டுல கருப்பு வச்சா எவன் வாங்குவான்? பச்சையப் போடுங்க, மங்களகரமா இருக்கட்டும்."

இது புடவை இல்லை, வெள்ளம் என்றேன். வாடிக்கையாளர் வாடிக்கையாளர்தான் என்றார். எந்த நிறம் எவ்வளவு ஆழம் என்று ஓரத்தில் பட்டை இருக்கிறதே, படித்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். பட்டையை ஊரில் யார் படிக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். சம்பளம் தருகிறவர், பச்சையே போட்டேன்.

மாமா வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து படத்தைக் காட்டினோம். தன் வீடு மரகதமாக மின்னுவதைக் கண்டதும் மாமாவின் முகம் மலர்ந்தது. நம் மனைக்கு ஒன்றும் ஆகாது என்று முன்பே சொன்னேனே என்று மாமியைப் பார்த்தார். முதலாளி பெருமையாகத் தலையாட்டினார்.

மாமா காபி போட உள்ளே போனார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமி என்னைக் கூப்பிட்டார். பச்சை என்றால் எவ்வளவு தண்ணீர் என்று மெதுவாகக் கேட்டார். முதலாளி என்னை முறைத்தார். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் உங்கள் கழுத்தளவு என்று சொல்லிவிட்டேன்.

மாமி அதிரவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே யோசித்தார். பிறகு சொன்னார்:

"பச்சையை எடுத்துட்டுக் கருப்பாவே போட்டுக் குடுத்துடுப்பா. எங்காத்து மாமா தண்ணிக்கெல்லாம் பயப்பட மாட்டார். கருப்புக்குன்னா பயப்படுவார்."

கேட்டது வாடிக்கையாளர் வீடு, முதலாளி தடுக்கவில்லை; அங்கேயே மாற்றினேன். காபியோடு வந்த மாமா படத்தைப் பார்த்தார், தன் வீட்டைத் தேடினார், டம்ளரைக் கீழே வைத்தார். பட்டையை அப்போதும் படிக்கவில்லை. மாடி ஏற நல்ல நாள் எது என்று மட்டும் மாமியிடம் கேட்டார்.