ஜுன்டா என்ற சொல்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் உள்ள எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் மியன்மார் செய்தி ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஆட்சியைப் பிடித்த ராணுவத்தினரை ஆங்கிலத்தில் ‘ஜுன்டா’ என்று எழுதியிருந்தார்கள். அகராதியைப் புரட்டினேன். அது ஸ்பானிய மொழியிலிருந்து வந்த சொல். ஒன்றுசேர்ந்தவர்கள், சபை என்று பொருள்.

உட்லண்ட்ஸில் என் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த மருத்துவமனைத் தாதி, மியன்மாரில் பிறந்த தமிழ்ப்பெண். அன்று மாலை அவளிடம் இதை ஆர்வமாகச் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

“சபையா? எங்க ஊர்ல நாலு பேரு சேர்ந்து நின்னதுக்குத்தான் என் தம்பியப் பிடிச்சிட்டுப் போனாங்க. இன்னும் திரும்பல. கும்பல்னு எழுதுங்கக்கா.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாள் ‘ராணுவக் கும்பல்’ என்றே எழுதிக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் அதை அடித்துவிட்டு ‘ஜுன்டா’ என்று போட்டார்.

“ஏன் சார் மாத்துனீங்க?”

“சின்னச் சொல்லு லா. தலைப்புல அடங்கும்.”

“அங்க ஒருத்தியோட தம்பியக் காணோம். உங்களுக்குத் தலைப்புல இடம் இல்லங்கறதுதான் கவலையா?” என்று கத்தினேன். “அப்ப செய்தியில இருந்து என் பேர எடுத்துடுங்க.”

என் பெயரை எடுத்தார். ஜுன்டா அப்படியே அச்சாகி வந்தது. தாதி அதைப் படித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். எனக்குத்தான் அந்த ஆசிரியரை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.