என் குரலை அழிக்கக் கரியாலூர் போனேன்

காலை ஆறு மணிக்கு மூங்கில்துறைப்பட்டில் பஸ் ஏறினோம். கரும்பு அரவை நடக்கிற மாதம். ஆலைப் பக்கமிருந்து வரும் பாகு வாசனைதான் எனக்கு ஊர் எல்லை. அது மெல்லத் தேய்ந்து மறைந்தால் ஊரைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்துகொள்வேன்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் மறியல் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. நோய்ப் பயமும் முழுசாகப் போகவில்லை, எல்லார் வாயிலும் துணி கட்டியிருந்தது. பெண்களுக்கு இலவசப் பயணம் அப்போது வரவில்லை. கள்ளக்குறிச்சிக்கு ஆளுக்கு முப்பது ரூபாய் கொடுத்தோம். முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். கூட வந்தவள் என் ஓரகத்தி ராஜாமணி. கண்ணில் அழுத்த நோய் வந்து எனக்குப் பார்வை போன பிறகு, வெளியே எங்கே போவதென்றாலும் அவள் தோள்தான் பிடிமானம்.

"இன்னாக்கா, இந்தக் குளுர்ல மலைக்குப் போயி யாரப் பாக்கப் போற?" என்று கேட்டாள். சின்னையன் என்று ஒருவரை என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பார்வை இல்லாதவர்கள் போன் பழகுவதற்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருந்தது. எங்கள் போன் பேசும். கண்ணாடித் திரையில் விரலை வைத்தால், விரலுக்கு அடியில் இருப்பது இன்னதென்று வாசிக்கும். இரண்டு முறை தட்டினால் அந்த வேலை நடக்கும். எதை எப்படித் தட்டுவது என்று குழுவில் ஒருவருக்கொருவர் பேசி அனுப்புவார்கள். கரியாலூர் சின்னையன் தம்பிதான் அதிகம் சொல்லுவார். அவர் பேச்சுக்குப் பின்னால் எப்போதும் காற்று வீசிக்கொண்டிருக்கும். நான் எல்லாவற்றையும் கேட்பேன், ஒன்றும் பேசமாட்டேன். ஐந்தாவது வரை படித்தவள் அங்கே என்ன பேசுவது.

எனக்கு இருந்த சங்கடம் வேறு. கண்ணாடி வழவழவென்று இருக்கிறது, எந்த மூலையில் எது என்று விரலுக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தில் நான் எப்போதோ ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள் அப்படியே இருந்தன. என் வீட்டுக்காரர் போன பிறகு அவற்றைத் தொடவில்லை. ஒருநாள் அதில் ஒன்றை உரித்து, போனில் பேச்சைப் பதிவு செய்கிற மூலைக்கு நேராக, உறையின் ஓரத்தில் ஒட்டினேன். அந்த நேரம் கோழி வேறு உள்ளே வந்து அரிசியைக் கிளறியது. அதை ஏசினேன். தனியாக இருக்கிறோம் என்று போனோடும் பேசினேன். நடுவில் விரல் எங்கோ தட்டிப் பதிவு ஓடியிருக்கிறது. மறுபடி தட்டியதும் எல்லாம் குழுவுக்குப் போய்விட்டது. உடனே பார்த்தால் எல்லாருக்குமாக அழித்துவிடலாமாம். அது எனக்குத் தெரிய வந்தபோது நாள் கடந்துவிட்டது.

தாலி அறுத்தவள் பொட்டைப் பற்றிப் பேசியது எத்தனை பேர் காதில் விழுந்ததோ. அதற்குப் பிறகு குழுவைத் திறக்கவே கை வரவில்லை. சின்னையன் வீட்டில் எல்லாரும் கூடப் போகிறார்கள் என்று, என் போனைத் திறந்து பார்த்த ராஜாமணி பிள்ளைகள் மூலம் தெரிந்ததும், நேரில் போய் அதை அழிக்கச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

ஏழு மணி இருக்கும், சங்கராபுரத்துக்கு முன்னால் பஸ் நின்றது. கோஷம் கேட்டது. இளவட்டம் ஒருவர் ஜன்னலோரம் வந்து, "ஒரு மணி நேரம் ஆவும் ஆயா, எறங்கி டீ சாப்புடுங்க" என்றார். ராஜாமணி, "நீ வாங்கிக் குடுத்தா குடிக்கறோம்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே நிஜமாகவே வாங்கி வந்து கொடுத்தார்.

வெகு காலத்துக்கு முன்னால் இதே கோரிக்கைக்கு மரத்தை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். அன்று நானும் என் வீட்டுக்காரரும் நடந்து வந்தோம். விழுந்து கிடந்த புளிய மரத்தைத் தாண்ட அவர் கை கொடுத்தார். இலையெல்லாம் இன்னும் வாடாமல் பச்சையாக இருந்தது. அந்தப் பச்சை இப்போதும் என்னிடம் இருக்கிறது.

கள்ளக்குறிச்சி சேர பத்தாகிவிட்டது. அங்கிருந்து வெள்ளிமலை பஸ். கச்சிராயபாளையம் தாண்டி அணைப்பக்கம் வந்ததும் ஈரக்காற்று அடித்தது. கல்யாணமான புதிதில் ஒருதரம் இங்கே வந்திருக்கிறேன். தூரத்தில் மலை நீலமாக, துவைத்துக் காயப்போட்ட புடவை போல வரிசையாக இருந்தது. "இப்ப எப்பிடி கீது, சொல்லு" என்று ராஜாமணியைக் கேட்டேன்.

"மலதான்க்கா. பெருசா கீது."

அதற்கு மேல் அவளிடம் எதிர்பார்க்க முடியாது.

வளைவுகளில் ஏற ஏற என் காது அடைத்தது. எனக்குக் காதுதான் கண். அது அடைத்ததும் இரண்டாம் முறை இருட்டியது போல இருந்தது. ராஜாமணி கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எச்சில் விழுங்கியதும் திறந்துகொண்டது. பஸ் இரைச்சல், பின்சீட்டில் ஒரு குழந்தை, வெளியே ஏதோ பறவை எல்லாம் ஒன்றாக உள்ளே வந்தன.

கரியாலூரில் இறங்கும்போது பன்னிரண்டு மணி. குழுவுக்கு வருகிறவர்களுக்காகக் காத்திருந்த சின்னையன் தம்பியின் மனைவி வெள்ளையம்மா எங்களையும் கூட்டிப்போனாள். வீட்டுக்கு மேலே ஒரு பாறை. அதன் மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்குமாம். அவர் பேச்சுக்குப் பின்னால் காற்று வீசியதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் அவர் அந்தப் பாறைக்கு ஏறியிருக்கிறார்.

பலா மரத்தடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்பின் பார்க்காதவர்கள்தான். ஆனாலும் குரலை வைத்து ஒருவரையொருவர் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டார்கள். வாய்த்துணியால் குரல் மாறிப்போனவர்களை, "துணிய எறக்கிட்டு ஒரு வார்த்த சொல்லு" என்று கேட்டுக் கண்டுபிடித்தார்கள். நான் ஒருநாளும் பேசாததால் என்னை யாருக்கும் தெரியவில்லை. "நானும் குழுதாங்க" என்று துணிக்குள்ளேயே சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

பேச்சு நடந்தது. மாத்திரை அட்டையைப் போன் கேமராவில் காட்டினால் பேர் வாசிக்கவில்லை என்றார் ஒருவர். "பளபளப்புல தடுமாறுது. வெளிச்சத்த முதுவுக்குப் பின்னால வச்சிக்கினு, ஒரு சாண் தள்ளிப் புடி" என்றார் சின்னையன். நைனார்பாளையம் செல்வி டீச்சர் மடிக்கணினியைப் பேசவிட்டார். ஓட்டின் மேல் ஆலங்கட்டி மழை விழுகிற வேகத்தில் அது பேசியது.

"இது இன்னா டீச்சர், சண்ட போடுதா?"

"கேட்டுக் கேட்டுப் பழகிடுங்க. மௌஸ கழட்டிப் பொட்டியில போட்டுட்டன், எல்லாம் கீபோர்டுலயே நடக்குது."

கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்போது ஒரு கோழி வந்து என் கால் விரலைக் கொத்தியது. வாய்த்துணியை இறக்கிவிட்டு, "போ அங்க, சனியனே" என்றேன்.

பேச்சு சட்டென்று நின்றது.

"யக்கா," என்றார் சின்னையன், "நீங்க அந்தக் கோழி யக்காவா?"

எல்லாரும் சிரித்தார்கள். எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. எந்தப் பக்கம் ஓடுவது. வந்த காரியத்தைச் சொல்லிவிட்டேன். "தம்பி, அத்த அழிச்சிடுங்க. எல்லார் போன்லயும் அழிச்சிடுங்க."

சிரிப்பு அடங்கியது. "அவங்க குரலு, அவங்க இஷ்டம்," என்றார் சின்னையன். "எல்லாரும் எடுங்க."

போன்களைத் தேடும் சத்தம் கேட்டது. தேடுகிற விரல் பட்டு என் குரல் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பியது. போ அங்க, சனியனே. பிறகு என் பேச்சு: "இந்தா, ஒனக்கு வக்கறன். வலது பக்கம், கீழ் மூலயில. இங்கதான் பேசற பொத்தான், தெரிஞ்சிக்கோ. என் மூஞ்சிக்கு ஆவாமப் போச்சி, உன் மூஞ்சிக்காவது இருக்கட்டும். அவரு இருந்தா சிரிப்பாரு."

ஒவ்வொரு போனும் அதனதன் வேகத்தில், "நீக்கவா? ஆம். இல்லை" என்று கேட்டது. "நீங்க சொன்னா தட்டிடறன்மா" என்றார் டீச்சர்.

சின்னையன் தன் போனை என் கையில் வைத்தார். "இத்த நீங்களே தட்டுங்க யக்கா."

தடவினேன். வலது பக்கம், கீழ் மூலை. உறையின் ஓரத்தில் சின்னதாக, மெத்தென்று ஒரு பொட்டு இருந்தது.

"போன் வாங்கி ஒரு வருசம் அந்த மூல எனக்கு ஆப்புடல," என்றார். "நீங்க பேசனத கேட்ட அன்னிக்குத்தான் ஆப்புட்டுது."

"என் நெத்தியிலேர்ந்து உரிச்சிக்கினாருக்கா," என்றாள் வெள்ளையம்மா. "கடைக்குப் போயி வாங்கினு வரக்கூட பொறுக்கல."

டீச்சர் போனை நீட்டினார். அதிலும் இருந்தது. இன்னொருவர் நீட்டினார். அவருடையது விழுந்துவிட்டது, பசை மட்டும் ஒட்டியது.

"வோணாம்," என்றேன். "இருக்கட்டும்."

போன்கள் எல்லாம் 'இல்லை' என்று சொல்லி அடங்கின. வெள்ளையம்மா சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள்.

மூன்றரை மணி பஸ்ஸில் மலையிறங்கினோம். இந்த முறை காது அடைத்தபோது பயம் வரவில்லை. "இதுக்குத்தான் வந்தியா? மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு அட்ட பொட்டு வாங்கினு வந்து வித்திருப்பன்" என்று ராஜாமணி கீழே வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். ஆலை வாசனை வந்தபோது மணி எட்டு.

அதன் பிறகு நானும் குழுவில் பேசினேன். இந்தப் பயணத்தையும் போனிடம் பேசித்தான் எழுதுகிறேன், புள்ளியும் கமாவும் டீச்சர் போட்டது. மறியல்கள் ஓய்ந்தன. பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது. குழுவில் பலர் வேறு வேறு குழுக்களுக்குப் போய்விட்டார்கள். சின்னையன் தம்பி போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். வீட்டுக் கண்ணாடியைத் தடவும்போதெல்லாம் அந்த மலைக்காற்றுதான் ஞாபகம் வருகிறது.

சின்னையனின் காரியம் முடிந்து சில நாள் கழித்து அவர் எண்ணிலிருந்து போன் வந்தது. வெள்ளையம்மா. அந்தப் பாறை மேலிருந்துதான் பேசினாள், காற்று கேட்டது.

"அவரோட போன அப்பிடியேதான் வச்சினு கீறன் யக்கா. அந்தப் பொட்டு மட்டும், எல்லாரும் பாத்துட்டு, எடுத்துடுன்றாங்க."

"எடுக்காதம்மா," என்றேன். "இருக்கட்டும்."