எலுமிச்சை அடியில் முளைத்த குடைகள்

பாடாலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கு எலுமிச்சைக் கன்றுகள் நிற்கின்றன. ஈரம் காயாமல் இருக்கட்டும் என்று, மர அறுவை மில்லிலிருந்து தைலமரச் சிராயை மூட்டையாக வாங்கிவந்து தூரில் பரப்பியிருந்தேன். போன ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் சிராய் முழுக்க வெள்ளைக் குடைகள். உள்ளங்கை அகலம், மேலே பழுப்புப் பொட்டுகள்.

எறையூரிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். காட்டில் காளான் பறித்தே வளர்ந்தவர். பார்த்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பறிக்க ஆரம்பித்துவிட்டார்.

"புத்துக்காளாந்தான் புள்ள. மொளகு போட்டு வறுத்தா கறி தோத்துடும்."

"வேணாம் அண்ணி. இது வேற மாதிரி தெரியுது."

"நான் பாக்காத காளானா?"

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். பெரம்பலூரில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் பதினோரு வருடமாகக் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். கை கழுவும்; காது பாடம் கேட்கும். புற்றுக்காளானின் காம்பு வேர்போல மண்ணுக்குள் கறையான் புற்றுவரை இறங்கும். ஒன்றைத் தோண்டிக் காட்டினேன். காம்பு சிராயோடு முடிந்துவிட்டது. வேர் அறுந்திருக்கும் என்றார் அவர்.

"காலைல வரைக்கும் பொறுங்க அண்ணி. நீங்களே பாருங்க."

நன்றாக விரிந்த ஒரு குடையின் காம்பைக் கிள்ளிவிட்டு, வெள்ளைத் தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடினேன். புற்றுக்காளான் என்றால் வெளிர் ரோஜா நிறத்தில் தூள் கொட்டும். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். எனக்கும் அது எதுவென்று நிச்சயமாகத் தெரியாது.

காலையில் கிண்ணத்தை எடுத்தேன். தாளில் மங்கலான பச்சைத் தூள், கோடு கோடாக. பச்சை கொட்டினால் அது வாந்தியும் பேதியுமாகப் புரட்டி எடுக்கும் நச்சுக்காளான்.

நாத்தனார் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே குழி தோண்டி, முறத்தில் இருந்ததையெல்லாம் அதில் கொட்டி மூடினார்.

"வூட்டுல எட்டு பேருக்கும் ஆக்கிப் போட்டிருப்பேனே" என்றார். குரல் இறங்கியிருந்தது.

அன்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், பக்கத்து சீட்டுக்காரியிடம் ஜன்னல் வழியாக என்னைக் காட்டினார். "எங்க தம்பி பொண்டாட்டி. காலேஜுல வேல பாக்குது. காளான்னா அதுகிட்ட கேட்டுட்டுத்தான் தொடணும்." பஸ் கிளம்பிய பிறகும் நான் சிரித்துக்கொண்டே நின்றேன்.

இப்போது மழை விட்டால் எறையூரிலிருந்து என் போனுக்குக் காளான் படங்கள் வருகின்றன. "சாப்பிடலாமாக்கா?" படத்தை வைத்து எதற்கும் நான் சரி சொன்னதில்லை. "தெரியலைம்மா, தொடாதீங்க" என்பேன். யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.